உபயம் யாரு?

சனிக்கிழமை பிள்ளைக் காம்பராவில் ஒரு வகுப்பு நடத்த முடியுமா என்று துஷாந்தி டீச்சர் கேட்டதும் சுபாஜினிக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம் அது. டீச்சர் அதற்குப் பொறுப்பு. சனிக்கிழமையானால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்திலிருந்து பெரிய பிள்ளைகளும் அங்கே கூடிவிடுவார்கள்.

"வேற யாரக் கூப்பிட? நீதானே நம்ம தோட்டத்து வீடியோக்காரி" என்றார் டீச்சர்.

அதில் பொய்யில்லை. இருபத்திரண்டு வயது சுபாஜினி யூடியூபில் 'லயத்துச் சுபா' என்று ஒரு சேனல் வைத்திருந்தாள். ரொட்டி சுடுவது, மழைக்காலத்தில் துணி காயவைக்கப் படும் பாடு, அம்மாவிடம் வாங்கும் ஏச்சு, எல்லாவற்றையும் போடுவாள். நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். அந்த நாற்பதாயிரத்தைவிடத் தோட்டத்துப் பிள்ளைகள் "சுபாக்கா, சுபாக்கா" என்று பின்னாலேயே ஓடிவருவதுதான் அவளுக்குப் பெருமை.

"எதப் பத்திப் பேசணுங்க டீச்சர்?"

"வீடியோவுக்குள்ள வெளம்பரத்த ஒளிச்சு வச்சுப் புள்ளைகள ஏமாத்துறாங்களே, அத எப்படிக் கண்டுபுடிக்கிறதுன்னு."

சுபாஜினி தேள் கொட்டிய திருடன்போல் நின்றாள். வலித்தது, கத்த முடியவில்லை.

விஷயம் இதுதான். ஒரு மாதத்துக்கு முன்னால் 'வளர்பிறை' என்ற மூலிகைச் சத்துத் தூள் கம்பனியிலிருந்து இந்திரஜித் என்பவர் பேசினார். மூன்று வீடியோக்களில் அந்தத் தூளைக் கரைத்துக் குடித்துக் காட்டினால் புதுப் போன் ஒன்று தருவதாகச் சொன்னார். "வெளம்பரம்னு மட்டும் சொல்லிறாதீங்க தங்கச்சி. வீட்டுல தெனமும் குடிக்கிற மாதிரி காட்டுங்க, போதும்." கண்ணாடி உடைந்த போனில் படமெடுத்து அலுத்துப் போயிருந்தவள் வாயைப் பிளந்துகொண்டு சரி என்றாள். இரண்டு வீடியோ போட்டாயிற்று. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

டீச்சரிடம் முடியாது என்றால் ஏன் என்று கேட்பார். பிள்ளைகள்தானே, அடுத்தவர் வீடியோவைக் காட்டிச் சமாளித்துவிடலாம் என்று தலையாட்டி வைத்தாள். பிள்ளைகளைக் குறைத்து எடைபோடுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சனிக்கிழமை இருபது பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் தயானி. ஒன்பது வயது, வகுப்பிலேயே குள்ளம், சுபாக்கா என்றால் உயிர். சுபாக்கா இன்று இரட்டைப் பின்னல் போட்டால் நாளைக்குத் தயானியின் தலையிலும் இரட்டைப் பின்னல் இருக்கும்.

காம்பரா டீவியில் சுபாஜினி முதல் வீடியோவைப் போட்டாள். ஒரு பையன் கேம் விளையாடிக்கொண்டே பிஸ்கட் தின்றான்.

"இதுல வெளம்பரம் எங்க இருக்கு?"

"வெளம்பரம் இல்லக்கா. அந்த அண்ணாவுக்குப் பசி" என்றான் ரஜீவ்.

"பசியில்லடா. அதத் திங்கச் சொல்லி கம்பனி காசு குடுக்குது."

"பிஸ்கட்டும் குடுத்துக் காசும் குடுக்குதா? ரொம்ப நல்ல கம்பனிக்கா!"

சுபாஜினி தலையில் கைவைத்துக்கொண்டாள். சும்மா சொல்லிப் பிரயோசனமில்லை என்று தெரிந்தது. சட்டென்று ஒன்று தோன்றியது.

"போன மாசம் அம்மன் திருவிழாவுக்கு டியூப் லைட் கட்டினாங்களே, அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

இருபது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். "உபயம் வீரசிங்கம் ஸ்டோர்ஸ், பதுளை!"

தெரியாமல் இருக்குமா? பெயரை அவ்வளவு பெரிதாக எழுதியதில் பாதி வெளிச்சம் அதற்குள்ளேயே அடங்கிப் போயிருந்தது. போதாததற்கு மைக்கிலும் மூன்று நாள் முழங்கினார்கள்.

"அதுக்காக அவர யாராச்சும் ஏசினோமா?"

"இல்லையே. அவரு குடுத்ததுன்னு பேரு போட்டிருக்கே. கடைக்கு ஆள் வரணும்னுதான் குடுத்தாருன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாள் ஹம்ஸியா, சந்திக் கடைக்காரர் மகள்.

"அப்போ இந்த அண்ணா திங்கிற பிஸ்கட்டுக்கு உபயம் யாரு? பேரு போட்டிருக்கா?"

பிள்ளைகள் டீவியை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். எங்கேயும் இல்லை.

"ஒளிச்சுட்டாங்க!" என்று ரஜீவ் துள்ளி எழுந்தான்.

அதற்குப் பிறகு காம்பரா கூரை தாங்கவில்லை. பொம்மைக்குத் தலைவாரும் வீடியோ வந்தால் "உபயம் யாரு?" கேக் செய்யும் வீடியோ வந்தால் "உபயம் யாரு?" அடையாளங்களையும் அவர்களே பொறுக்கி எடுத்தார்கள்.

"எங்க வீட்டுல பிஸ்கட் பக்கெட் இப்படி மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிக்காதுக்கா."

"பேர மூணு தரம் சொல்றாங்க. எங்கம்மா என் பேரக்கூட அத்தன தரம் சொல்லாது!"

சுபாஜினிக்குக் குஷி தலைக்கேறிவிட்டது. தன் சங்கதியையே மறந்துபோனாள். பாவம், துஷாந்தி டீச்சருக்கு அந்தச் சங்கதி எதுவும் தெரியாது. நல்ல எண்ணத்தோடுதான் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

"இப்ப நம்ம சுபாவோட வீடியோ ஒண்ணு போடுவோம். ஒளிவுமறைவு இல்லாத வீடியோ எப்படி இருக்கும்னும் புள்ளைக பாக்கணுமில்ல?"

"டீச்சர், வேணாங்க..." என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் படம் ஓடத் தொடங்கிவிட்டது.

திரையில் சுபாஜினி பீலிக்கரையில் முகம் கழுவிவிட்டு வந்து, டம்ளரை எடுத்துச் சிரித்தாள். "தெனமும் காலையில நான் குடிக்கிறது வளர்பிறை. வளர்பிறை குடிச்சா சரசரன்னு வளரலாம். எங்க வீட்டுல எல்லாருக்கும் வளர்பிறைதான்." பின்னால் ஜன்னலில் டின் தன் மூஞ்சியைக் காட்டிக்கொண்டு நின்றது.

யாரும் கத்தவில்லை. ரஜீவ் "உப..." என்று தொடங்கி, மீதியை விழுங்கிக்கொண்டான். சுபாக்காவைப் பார்க்கக் கூச்சப்பட்டுப் பிள்ளைகள் பாயைப் பார்த்தார்கள்.

தயானிதான் எழுந்தாள். "எங்க சுபாக்கா அப்படியெல்லாம் செய்யமாட்டாங்க. அது அவங்க சொந்த டின்!"

ஒரு தலையாட்டல் போதும். போனும் கிடைக்கும், பேரும் கெடாது. ஆனால் அந்தச் சின்ன முகம் அவ்வளவு நம்பிக்கையோடு பார்த்தபோது சுபாஜினிக்குத் தலையாட்ட வரவில்லை.

"உபயம், வளர்பிறை கம்பனி" என்றாள். "டின்னு அவங்க குடுத்தது. மூணு வீடியோவுக்குப் புதுப் போன் தரேன்னாங்க. நான் ஒங்ககிட்டச் சொல்லாம மறைச்சிட்டேன். தப்புதான்."

தயானி டீவியைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ நீங்க தெனமும் குடிக்கிறது இல்லையா?"

"ஒரு நாளும் குடிச்சதில்லடா. கேமராவ நிப்பாட்டினதும் துப்பிட்டேன். அவ்வளவு கசப்பு."

குழந்தை அழப் போகிறாள் என்று சுபாஜினி கையை நீட்டினாள். தயானியோ ஒரு குதி குதித்தாள்.

"அய்! அப்போ இனிமே நான் குடிக்க வேணாம்!"

காம்பராவை மூன்று சுற்றுச் சுற்றி ஓடினாள். அப்புறம்தான் தெரிந்தது, அவள் அம்மா ராசம்மா சம்பளத்தன்று பதுளைக்குப் போய் ஒரு டின் வாங்கி வந்திருக்கிறாள். இருபது நாளாகத் தயானி விடாமல் குடித்திருக்கிறாள்.

"எங்க வீட்டுலயும் இருக்குக்கா. நான் ரோசாச் செடிக்கு ஊத்திட்டேன்" என்றான் ரஜீவ்.

"செடி வளந்துச்சா?"

"அதுவும் வளரலக்கா."

துஷாந்தி டீச்சர் கண்ணில் நீர்வரச் சிரித்தார். சுபாஜினிக்கும் சிரிப்பு வந்தது, வெட்கமும் வந்தது. ஓட்டத்தை நிறுத்திய தயானி இடுப்பில் கைவைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

"நான் இருவது நாள் குடிச்சேன். நீங்க ஒரு டம்ளர் குடிக்கணும். துப்பக் கூடாது. நான் வீடியோ எடுப்பேன்."

மறுபேச்சு ஏது? தயானி லயத்துக்கு ஓடி மிச்ச டின்னைக் கொண்டுவந்தாள். டீச்சர் சுடுதண்ணீர் கொடுத்தார். உடைந்த போனைத் தயானி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தூளுக்காக நான் போட்ட ரெண்டு வீடியோவும் கம்பனி உபயம்" என்று சுபாஜினி கேமராவைப் பார்த்துச் சொன்னாள். "அத ஒங்ககிட்ட மறைச்சேன், மன்னிச்சுக்குங்க. இதக் குடிச்சு நான் வளரல. அவங்க போனும் எனக்கு வேணாம்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு டம்ளரைக் கவிழ்த்தாள்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு!" ஒவ்வொரு மடக்குக்கும் பிள்ளைகள் எண்ணினார்கள். ஏழாவது மடக்கில் டம்ளர் காலியானது. அவள் முகம் போன கோணலைப் பார்த்து ரஜீவ் பாயில் உருண்டு சிரித்தான்.

தயானி போனை டீச்சரிடம் கொடுத்துவிட்டுக் கிட்டே வந்தாள். டின் எடுக்கப் போனபோதே பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு வந்த கருப்பட்டித் துண்டை நீட்டினாள்.

"இத வாயில போடுங்கக்கா, கசப்பு போயிரும். நீங்களும் குடிக்கிறீங்களேன்னு நெனச்சுக்கிட்டு நான் தெனமும் இப்படித்தான் முழுங்கினேன்."

சுபாஜினி அதை வாயில் போட்டாள். இனித்ததும் அவளுக்குக் கண்ணீர் கொட்டியது. கசப்புத் தாங்காமல் அழுகிறாள் என்று நினைத்துப் பிள்ளைகள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.