குட்டைப்பாவாடைக்குக் கீழே கடல்

மேலத்துறைக் கடல் வியாகுலம்மாளின் குட்டைப்பாவாடை விளிம்பை ஒருநாளும் நனைத்ததில்லை. அலை எவ்வளவு உயரமாக எழுந்து வந்தாலும் விளிம்புக்கு நாலு விரக்கடை கீழே நின்றுகொள்ளும். அவள் இன்னும் உள்ளே நடந்தால், கடலும் அதற்கேற்பத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும். சுனாமிக்குப் பிந்தைய பங்குனியில், 2005இல், இது முதலில் தெரியவந்தது. அந்த வாரம் சாளை மீன் வாங்க ஆளில்லை என்பதும் ஊருக்கு நினைவிருக்கிறது.

சுனாமி வீடுகளோடு துணிமணியையும் கொண்டுபோயிருந்தது. பங்குக் கோயில் முற்றத்தில் இறங்கிய நிவாரண மூட்டைகளில் மேலத்துறைக்கு வாய்த்தது ஏதோ குளிர்நாட்டு மூட்டை. அவிழ்த்தால் முழுக்க மினி ஸ்கர்ட்: கம்பளி, ஜீன்ஸ், தோல், கட்டம் போட்டது, மடிப்பு வைத்தது. பெண்கள் அவற்றைத் தலையணை உறையாக்கினார்கள், சும்மாடாகச் சுருட்டினார்கள். ஒருநாள் வியாகுலம்மாளின் ஒரே சேலை துவைத்துக் கொடியில் கிடந்தபோது கணவன் ததேயுஸின் வள்ளம் கரை வந்துவிட்டது. அவள் அவனுடைய கைலியைச் சுற்றி, அதற்கு மேலே ஒரு சிவப்புக் கட்ட ஸ்கர்ட்டை ஏற்றிக்கொண்டு ஓடினாள். அலை கைலியை நனைத்தது, ஸ்கர்ட்டை நெருங்கியதும் நின்றது. அலைச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டிருந்தவள், அன்று இடுப்பளவு ஆழமான இடத்தில் கால்முட்டுக்கும் கீழான தண்ணீரில் நின்று மீன் எடுத்தாள். மறுநாள் ஊர்ப் பெண்களெல்லாம் தலையணை உறைகளை உருவினார்கள். எல்லோரிடமும் கடல் அதே மரியாதையோடு நடந்துகொண்டது.

யாருக்கு எது என்று தேர்ந்து கொடுத்தது வியாகுலம்மாளின் மகள் பெபிஷா. மார்த்தாண்டத்தில் துணிக்கடையில் நிற்பவள். சுனாமிக்குப் பிறகு குடியிருந்த தகரக் கொட்டகை வாசலில் ஒவ்வொருத்தியையும் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். இடுப்பு அகன்றவர்களுக்குக் கீழே விரிந்த தையல், ஒல்லிக்காலுக்கு மடிப்பு, குள்ளமானவர்களுக்கு இடுப்பை ஏற்றிக் கட்டிய ஜீன்ஸ்.

“எம்மா, கீழ குட்டையா இருந்தா மேல அடங்கி இருக்கணும். அப்பாக்க முழுக்கை சட்டைய போடு. முன்பக்கம் மட்டும் உள்ள சொருவு.”

“ஏட்டி, மீன் விக்கப் போறதுக்கா இவ்வளவும்?”

“மீனையும் கண்ணால பாத்துதான வாங்குதாவ.”

ஊர்த் தலைவர் அல்போன்சுக்கு இது பிடிக்கவில்லை. ஞாயிறு திருப்பலி முடிந்ததும், முட்டு தெரியக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டார். பெண்கள் எதிர்த்துப் பேசாமல் பழந்துணி ஒட்டுப்போட்டு விளிம்பைக் கெண்டைக்கால் வரை இறக்கினார்கள். திங்களன்று அவர்கள் தண்ணீரில் இறங்கியதும் கடல் தன் வழக்கப்படி அந்த விளிம்புக்கும் கீழே போனது. வள்ளங்கள் மணலில் சாய்ந்தன. எஞ்சின் விசிறிகள் காற்றில் சுற்றின. பக்கத்துத் துறையிலிருந்தும் கடல் குறைந்துவிட்டதென்று ஆள் வந்தது. அந்த வாரக் கடைசியில் அல்போன்சே கொட்டகைக்கு வந்து நின்றார்.

“மயினி, குறையா நினைக்கப்பிடாது. பாவாட ஒரு சாண் மேல ஏறணும். வள்ளம் பூரா தரையில கெடக்கு.”

“போன ஞாயித்துக்கெழமதான தாழ்த்தச் சொன்னிய?”

“அது போன ஞாயித்துக்கெழம.”

எல்லோரும் ஏற்றினார்கள். வியாகுலம்மாள் மட்டும் ஏற்றாமல், கடலுக்கும் போகாமல், கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தாள். அவள் தங்கை ஞானசெல்வி சுனாமி வந்த காலையில் மீன் சுமக்கும் சருவப் பாத்திரத்தோடு கரையில் நின்றவள். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கென்று ஒரு பிடி மண்கூட இல்லை. விளிம்பு கெண்டைக்காலுக்கு இறங்கியதற்கே கடல் இவ்வளவு தாழ்ந்தால், தரைவரை இறங்கினால் எவ்வளவு தாழும் என்பதுதான் அவள் யோசனை. மகளிடம் சொன்னாள்: “தரைய தொடணும் மக்கா. ஆனா கால் தட்டாம நடக்கணும்.” பெபிஷா கத்திரியை எடுத்தாள். நடக்க வசதியாக விரித்து வெட்டிய கறுப்புச் சாட்டின் துணியைச் சிவப்புக் கட்டத்தின் கீழே சுற்றிலும் வைத்துத் தைத்தாள். மேலுக்கு ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

காலையில் வியாகுலம்மாள் இறங்கி நடந்தாள். விளிம்புக்குக் கீழே இடமே இல்லாததால் கடல் தரையை விட்டுவிட்டு விலகிப் போனது. யாரோ வீட்டு இரும்பு அலமாரி, கோயில் திருவிழாவின் குழாய் ஸ்பீக்கர், அறுந்த வலைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். ததேயுஸ் பின்னால் நடந்தான். வெயில் உச்சிக்கு வந்தபோது இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு அலுமினியச் சருவம் கிடைத்தது. விளிம்பில் ஞானசெல்வியின் பெயர் வெட்டியிருந்தது. வேறொன்றும் இல்லை. அவள் சருவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஈரமணலில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடியும்வரை கடல் தூரத்திலேயே நின்றது.

“இது போருமா?” என்றான் ததேயுஸ்.

“போரும். குழி வெட்டச் சொல்லணும்.”

அவர்கள் திரும்பி நடந்தபோது கடல் அவள் குதிகாலுக்குப் பின்னால், பாவாடையை மிதிக்காமல், மெல்ல வந்தது.

சருவத்தைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். பங்குச் சாமியார் சடங்கில் எதையும் குறைக்கவில்லை. அன்று சாயங்காலம் வியாகுலம்மாள் தானே சாட்டின் தையலைப் பிரித்தாள். ஆனால் உடல் கிடைக்காத வீடுகள் ஊரில் வேறும் இருந்தன. அவர்களும் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். அவள் யாரிடமும் முடியாது என்று சொல்லவில்லை. பெபிஷா கல்யாணமாகி ஊரிலேயே கடை போட்ட பிறகும் அம்மாவுக்கான நீளப் பாவாடையைத் தானே தைத்தாள். கிடைத்தது சில வீடுகளுக்கு வளையல், சில வீடுகளுக்குக் கதவுத் தாழ்ப்பாள், சில வீடுகளுக்கு ஒன்றுமில்லை. 2013 வாக்கில் ஞாயிறு திருப்பலி முடிவில், கல்யாண அறிவிப்புகளுக்கு அடுத்ததாக, வரும் செவ்வாயன்று மேலத்துறையில் கடல் இருக்காது என்பதையும் சாமியார் வாசிப்பது வழக்கமாகியிருந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் ஊரில் எல்லா வீட்டிலும் பருப்புக்கறிதான்.