இறுகாத அடுக்கு

யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட வருடம் அது. துறைமுகத்துக் கப்பல்களுக்குத் தண்ணீர் தேக்கவென்று தம்பலகாமத்து வயல்களுக்கு மேலே ஒரு மண்ணணை அவசர அவசரமாக எழும்பிக்கொண்டிருந்தது. கொட்டி உருட்டிய ஒவ்வொரு அடுக்கு மண்ணும் இறுகியிருக்கிறதா என்று சோதிப்பது ஓவசியர் சிவகுருநாதனின் வேலை. இறுகியிருந்தால் வெள்ளைக்கொடி நடுவார். கொடி நட்ட இடத்தில்தான் அடுத்த லொறி மண்ணைக் கொட்டலாம்.

அன்று காலை அவர் புது அடுக்கில் சின்னக் குழி வெட்டி, எடுத்த மண்ணை நிறுத்தார். பிறகு குழிக்குள் உலர்ந்த மணலை நிரப்பி அதன் கொள்ளளவை அளந்தார். அவ்வளவு பெரிய குழிக்கு மண்ணின் நிறை போதாது; மண் இறுகவில்லை. வேறு இடங்களிலும் வெட்டிப் பார்த்தார். மேல்மண் கல்லுப்போல இருந்தது. அடியில் பொலபொலவென்று உதிர்ந்தது. அவர் இல்லாத நேரம் பார்த்து மண்ணைத் தடிப்பாகக் கொட்டி, மேலால் உருளையை ஓட்டியிருக்கிறார்கள்.

"இதை முழுக்கக் கிளறி எடுக்கவேணும்," என்றார் வெள்ளைக்கார எஞ்சினியரிடம்.

பல காலம் இலங்கையில் இருந்த துரைக்குத் தமிழ் வரும். "எனக்கும் தெரியும். ஆனால் கப்பலுக்குத் தண்ணி வேணும். மழை வரப்போகுது. கொடியை நடு."

"ஏலாது."

துரை தானே ஒரு கொடியை எடுத்து நட்டார். சிவகுருநாதன் அதைப் பிடுங்கி எறிந்தார்.

"உனக்கு வேலை இல்லை. போ!" துரையின் முகம் சிவந்துவிட்டது. லொறிகளை வரச்சொல்லிக் கை காட்டினார்.

மண் சுமந்துகொண்டிருந்த தங்கரத்தினம் கடகத்தை இறக்கிவைத்துவிட்டு, லொறி வரும் வழியில் சப்பணம் கட்டி உட்கார்ந்தாள். அணைக்கு நேர் கீழே அவளுடைய வயல்.

"கட்டு உடைஞ்சால் துரை கப்பலேறிப் போயிடுவார். நாங்கள் எங்க போறது? கொட்டுறதெண்டால் என்ர தலையில கொட்டுங்கோ."

மற்றப் பெண்களும் வந்து அவளருகில் உட்கார்ந்தார்கள். உருளை ஓட்டும் ஹிஸ்புல்லா இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினான். சண்டைக்காலச் சட்டத்தில் பிடித்துச் சிறையில் அடைப்பேன் என்று துரை கத்திப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. வெயில் ஏறியது. கொட்ட இடமில்லாமல் லொறிகள் வரிசையாக நின்றன. பின்னேரம், அடுக்கைக் கிளறச் சொல்லித் துரையே உத்தரவிட்டார். ஆனால் சிவகுருநாதனைத் திருப்பி வேலைக்கு எடுக்கவில்லை.

மறுநாள் சிவகுருநாதன் கீழே வரப்பில் நின்று, மண் வழிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துரை மேலிருந்து கத்தினார்: "உன்னைப் போகச் சொன்னனான்!"

"நீங்கள் போகச் சொன்னது உங்கட அணையில இருந்து, துரை. இது தங்கரத்தினம் அக்காவின்ர வயல். அவ சொன்னால் போறன்."

நாற்றுமுடியோடு நின்ற தங்கரத்தினம் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"நில்லுங்கோ ஐயா," என்றாள், துரைக்கும் கேட்கும்படியாக.