வெறும் உரல்

ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளைப் பிரிக்கும் பலகைச் சுவர்கள் கூரைவரை எட்டுவதில்லை. ஈப்போவிலிருந்து தோட்டப் பள்ளிக்கு ஆசிரியையாக வந்த கிறிஸ்தவப் பெண் நவமணி அதைத் தினமும் பார்த்தாள். அதற்கு என்ன பொருள் என்று யோசித்ததில்லை.

காலையில் ரப்பர் பால் எடுத்துவிட்டு மத்தியானம் படிக்க வரும் பெரிய பிள்ளைகளிடம், அன்று புத்தகத்தை மூடச் சொன்னாள். லயத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறதென்று நடித்துக் காட்டச் சொன்னாள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது தலைகுனிவது, கங்காணி வீட்டைக் கடக்கையில் பேச்சை விழுங்குவது எல்லாம் மழை வெயில் போல இயற்கையல்ல என்று அவர்களே கண்டுகொள்ளட்டும் என்று நினைத்தாள். அதை வாய்விட்டுச் சொல்ல அவளுக்கும் பயமாக இருந்தது.

பத்துமலை என்ற பையன் துண்டைத் தலையில் கட்டிக் கங்காணியானான். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அடுத்து, வேலை முடிந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும் பேசும் கட்டம். பெண்டாட்டியாக வந்த காளியம்மா, பேச்சைத் தொடங்குமுன் ஒரு விறகுக்கட்டையால் தரையை இடிக்க ஆரம்பித்தாள். எதற்கு என்று நவமணி கேட்டாள்.

"ரகசியம் பேசுறப்ப உரல்ல இடிக்கணும் டீச்சரம்மா. இல்லாட்டி கடைசி வீடு வரைக்கும் கேக்கும்."

"வெறும் உரலா இருக்கக்கூடாது லா," என்றான் பத்துமலை. "ணங்கு ணங்குன்னு காட்டிக்குடுத்துரும். கங்காணி வந்து நிப்பாரு."

காளியம்மா கட்டையைக் கீழே வைத்தாள்.

"நேத்து நீங்க இடிக்கலியே, டீச்சரம்மா."

யாரும் சிரிக்கவில்லை. நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டு வீரம்மாவோடு நவமணி மிக மெதுவாகத்தான் பேசினாள். வீரம்மாவின் மகள் மங்களம் திங்கட்கிழமையிலிருந்து தன் வீட்டு வேலைக்கு வரவேண்டும் என்று கங்காணி சொல்லியிருந்தான். அந்த வீட்டுக்குப் போன பெண்கள் எப்படித் திரும்பினார்கள் என்பது லயத்துக்கே தெரியும். நாளை விடியுமுன் மகளைக் கூட்டிக்கொண்டு, ஈப்போப் பக்கம் புந்தோங்கில் இருக்கும் தம்பி ஐயாவுவிடம் ஓடிவிட வீரம்மா முடிவு செய்திருந்தாள்.

இப்போது நவமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நேற்றுவரை பிள்ளைகளாக இருந்த முகங்கள் காதுகளாகத் தெரிந்தன. காளியம்மாவின் தகப்பன் சன்னாசி, கங்காணி வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பவன். அவள் எச்சரித்தாளா, மிரட்டினாளா?

குழாயடியில், தண்ணீர் விழும் சத்தத்தில், பேச்சு வெளியே கேட்டுவிட்டதை நவமணி வீரம்மாவிடம் சொன்னாள்.

"அப்ப இன்னிக்கே போலாம்," என்றாள் வீரம்மா. "நாளைக்கு மாரியம்மனுக்கு மாவிளக்கு. இன்னிக்கு விளக்கு வச்சதும் எல்லாரும் அதுக்கு மாவு இடிப்பாங்க. மரத்துக்குள்ளயே போனா ஜெலாப்பாங் ரோடு வந்துரும்."

விளக்கு வைத்ததும் லயம் முழுக்க உலக்கைகள் விழுந்தன. கங்காணி வழக்கம்போல் லயத்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தாயும் மகளும் பின்பக்கமாக இறங்கினார்கள். அப்போதுதான் நவமணிக்கு அது கேட்டது. ணங்கு, ணங்கு. காட்டுப்பாதையை ஒட்டிய கடைசி வீடு. காளியம்மாவின் வீடு.

கங்காணியும் தலையைத் திருப்பினான்.

கங்காணியைக் கூப்பிடுகிறாள், என்று நவமணி நினைத்தாள். எதற்கென்று தெரியாமலே அரிசிப்பானையைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக ஓடினாள். காளியம்மா தனியாக, வியர்வை சொட்ட இடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரைடி கூப்பிடுறே?"

உலக்கை நிற்கவில்லை. "அரிசி இல்ல டீச்சரம்மா. நிறுத்துனா அவங்க நடக்குறது கேக்கும்."

நவமணி பானையை உரலில் கவிழ்த்தாள். சத்தம் மங்கியது. வாசலில் நிழல் விழுந்தது.

"வேதக்கார டீச்சருக்கு மாவிளக்கு எதுக்கு?" என்றான் கங்காணி. குனிந்து பார்த்தான். "அரிசி ஊறவே இல்லியே."

அரிசியை ஊறவைக்க வேண்டும் என்பது நவமணிக்கு நிஜமாகவே தெரியாது.

"ஊறப்போடணுமா அண்ணே? பிள்ளைகிட்ட இப்பதான் கத்துக்கிறேன்."

டவுன்காரியின் அறியாமை அவனுக்குப் பிடித்திருந்தது. சிரித்தான். ஆனால் போகவில்லை, வாசல்காலில் சாய்ந்து நின்று கேட்டான். நவமணியும் உலக்கையைப் பிடித்தாள். காய்ந்த அரிசி தெறித்தது. பின்னால் சருகுகள் நொறுங்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. அவனுக்கும் கேட்டதா? காளியம்மா இன்னும் ஓங்கிக் குத்தினாள்.

கங்காணி ஒருவழியாக நாற்காலிக்குத் திரும்பியபோது, மரங்களுக்குள் எந்தச் சத்தமும் இல்லை. இருவரும் இடிப்பதை நிறுத்தவில்லை. சன்னாசி வெறும் வாளியோடு வந்து ஆசிரியையை உற்றுப் பார்த்தான்.

"எதுக்கு வந்தாங்க?" என்று மகளைக் கேட்டான்.

"மாவு இடிக்க," என்றாள் காளியம்மா.