ராமமூர்த்திக்கு முன்பே உட்கார்ந்தவர்

மாதனூர் ராமமூர்த்தி இருபத்து மூன்று ஆண்டுகள் எந்த நாற்காலியிலும் உட்காரவில்லை. உட்காரப் போனால் அதில் ஏற்கெனவே ஓர் ஆள் இருப்பார். கண்ணுக்குத் தெரியமாட்டார், ஆனால் தொடை தட்டுப்படும், சட்டைப் பொத்தான் முதுகில் குத்தும், லேசாகப் பீடி வாசமும் வரும். கம்பெனி பஸ், சலூன், சம்பந்தி வீட்டு சோபா, எங்கே போனாலும் இதே கதை. தரை மட்டும்தான் ஆட்சேபிக்கவில்லை. மூலமாக இருக்கும் என்று தெரு பேசிக்கொண்டது. அவர் மனைவி மோகனாவும் மறுக்கவில்லை. மூலம் என்பது நாலு பேருக்கு இருக்கிற வியாதிதானே.

காரணம் அவருக்கு மட்டும் தெரியும். 2001ஆம் ஆண்டில் ஷூ கம்பெனியில் அவர்தான் ‘சிஸ்டம் சார்’. காலை ஒன்பதே காலுக்கு யூனிக்ஸ் கம்ப்யூட்டரில் டெர்மினல் புரோகிராமைத் திறந்து, டெலிபோன் லைனில் மாட்டிய மோடம் வழியாகச் சென்னை ஆபீசுக்கு டயல் செய்வார். கழுத்தைத் திருகின கோழிபோல அது கத்தி அடங்கினதும் அன்றைய பேக்கிங் லிஸ்ட் போகும். அந்த வருஷம் ஆயுத பூஜையன்று, மிஷினுக்கெல்லாம் ஓய்வு கொடுக்கவேண்டுமே என்ற பக்தியில், புரோகிராமை முறையாக மூடாமலே பிளக்கைப் பிடுங்கினார். மோடத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் பொரிகடலைக்குப் போய்விட்டார். அந்தப் புரோகிராம் மோடத்தைப் பிடிக்கும்போது ‘இங்கே ஆள் இருக்கிறது’ என்று சின்னதாக ஒரு லாக் ஃபைல் எழுதிவைக்கும். முறையாக மூடினால் தானே அழித்துவிடும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். இங்கே பிடித்தவர் இறங்கிப் போய்விட்டார், துண்டு மட்டும் சீட்டிலேயே கிடந்தது.

விடுமுறை முடிந்து வந்து திறந்தால், மோடம் வேறொருவர் கையில் இருப்பதாகத் திரை சொன்னது. கேபிளை மாற்றினார். மோடத்தை அணைத்துப் போட்டார். வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். கடைசியில் அந்த லைனில் ஒரு போனை மாட்டிக் கேட்டார். டயல் டோன் சுத்தமாக இருந்தது. அதாவது, லைனில் ஒரு கோளாறும் இல்லை. அந்த நேரம் பார்த்து டெஸ்பாட்ச் மேனேஜர் குர்ஷித், பின்னால் பதினோரு பேரோடு வந்து நின்றார்.

“இன்னா ராமமூர்த்தி, கன்டெய்னர் கேட்ல நிக்குது. உன் மிஷின் இன்னா சொல்லுது?”

“வேற யாரோ யூஸ் பண்றாங்கன்னு சொல்லுது சார்.”

“யாரு?”

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “டெலிபோன் லைன்மேன் காசிதான் சார். நம்ம லைன வெளிய எவனுக்கோ குடுத்திருக்கான்.”

குர்ஷித் அன்றைக்கே புகார் எழுதினார். மூன்றாம் நாள் ராமமூர்த்தி அந்த லாக் ஃபைலைக் கண்டுபிடித்து, ஒரே கட்டளையில் அழித்தார். மோடம் கூவியது. “லைன் சரியாயிடுச்சி சார்” என்றார். மாட்டிக்கிட்டதும் சரியாயிடுச்சி பாத்தியா என்று ஆபீஸ் முழுக்கப் பேசினது. அந்த மாதமே காசியை ஆலங்காயத்துக்கு மாற்றினார்கள். “என் மேல இன்னா சார் காண்டு உனக்கு?” என்று கேட்டில் நின்று கேட்டுவிட்டுப் போனார் காசி. உள்ளே வந்து உட்காரப் போன ராமமூர்த்திக்கு முன்பாக நாற்காலியில் ஆள் இருந்தது.

மோடம் போய் பிராட்பேண்ட் வந்தது, அதுவும் போய் ஃபைபர் வந்தது. எந்நேரமும் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாரே என்று முதலாளி அவரை மேனேஜராக்கினார். மகள் கல்யாணத்தில் பந்திக்கு நாற்காலி போட்டிருந்ததால், பெண்ணைப் பெற்றவர் நின்றபடியே சாப்பிட்டார். எளிமையான மனுஷன் என்று சம்பந்தி புகழ்ந்தபோது அவருக்கு ரசம் புரையேறியது.

போன வருஷம் ஆலங்காயத்துக்குப் பஸ்ஸில் நின்றபடி போனார். காசி ரிட்டையராகி, இடுப்பில் வெந்நீர்ப் பையோடு வாசலில் பிளாஸ்டிக் சேரில் இருந்தார். ராமமூர்த்தி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், நாற்காலி விஷயம் உட்பட.

காசி நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அது நீயா சார்? இத்தினி வருசமா எவனோ மடில வந்து குந்தறான், எழுந்துக்கிறான். எக்ஸ்ரே எடுத்தேன், ஸ்கேன் எடுத்தேன். பேய்னு சொல்லி எம்பொஞ்சாதி அன்னம்மா சர்ச்சுல ஜெபம்லாம் வெச்சா. கொஞ்சம் வெயிட்டக் கம்மி பண்ணக் கூடாதா?”

“மன்னிச்சிடு காசி.”

“எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? நான் பண்லன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவன்கிட்ட போய் சொல்லு.”

போன வருஷ ஆயுத பூஜையிலேயே, கம்பெனியில் பூசணிக்காய் உடைக்கும் முன்பு, காசிமேல் போட்டது பொய்ப் பழி என்று இருநூறு பேர் நடுவில் ராமமூர்த்தி சொன்னார். நடுவில் இரண்டு முறை தண்ணீர் கேட்டார். கட்டிங் செக்‌ஷனில் யாரோ சிரித்தார்கள். விருந்தாளியாக வந்திருந்த கிழவர் குர்ஷித், “நீயா?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பழக்கத்தை மறந்து பக்கத்து நாற்காலியில் சாய்ந்தார் ராமமூர்த்தி. அதிலிருந்தவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ஒரு பக்கமாக நகர்ந்து, பாதி இடம் விட்டார்.

இப்போது கம்பெனி பஸ்ஸில் ராமமூர்த்தி சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வருகிறார். ஜன்னல் பக்கத்தை யாரும் கேட்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பூர்ணிமா மட்டும் போன வாரம் அங்கே சாப்பாட்டுப் பையை வைக்கப் பார்த்தாள்.

“அங்க ஆள் இருக்காரும்மா” என்று பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார் ராமமூர்த்தி.