புருவப் பென்சிலில் எழுதிய நாடகம்

அந்த வருடம் தவ்லத்தின் தலைமுடி இருந்த அழகு, அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. அதற்குக் காரணம் நான்தான். கெய்ரோவில், ஷுப்ராவில், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கான பார்லர் நடத்துகிறேன். என் பெயர் சஃபினாஸ். தவ்லத் மூன்றாம் மாடிக்காரி, வானொலிக்கு நாடகம் எழுதுகிறவள். ரமலானில் நோன்பு திறந்து, சூப் கிண்ணம் காலியாவதற்குள் ஒரு தொடர் நாடகம் ஆரம்பிக்குமே, அது பெரும்பாலும் அவள் எழுதியதாகத்தான் இருக்கும்.

அந்த வருடம்வரை அவள் எழுதியதெல்லாம் சாப்பாட்டு மேசையில். ஒரு ஓரத்தில் முலூகியா கீரை ஆய்ந்து கிடக்கும். இன்னொரு ஓரத்தில் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள். பால்கனிக்குக் கீழே தக்காளி வண்டிக்காரன் தொண்டை கிழியக் கத்துவான். இத்தனைக்கும் நடுவில் இவள், பல்தடம் விழுந்த ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டு, பள்ளிக்கூட நோட்டில் மாமியார்களையும் மருமகள்களையும் மோதவிட்டுக்கொண்டிருப்பாள்.

பிறகு மகள் கல்யாணமாகித் தன்தா ஊருக்குப் போனாள். கணவர் வக்தி மின்சார இலாகாவிலிருந்து ஓய்வு பெற்றார். கையில் வேலையில்லாத மனிதருக்கு ஒரு யோசனை வந்தது. மொட்டைமாடியில் மனைவிக்கு எழுதுவதற்கென்று ஓர் அறை.

தன் கையாலேயே கட்டினார். சுவர் முழுக்கச் சத்தம் நுழையாமல் கார்க் பலகை. ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. மரச்சாமானுக்குப் பேர்போன தமியாத்திலிருந்து வரவழைத்த பெரிய மேசை, பச்சை மூடி போட்ட விளக்கு, முதுகு வலிக்காத நாற்காலி, தங்க முனை வைத்த மைப்பேனா. கதவில் ஓர் அட்டை வேறு தொங்கியது: "அமைதி. எழுத்தாளர் எழுதுகிறார்." பக்கத்து மொட்டைமாடிக்காரன் புறா வளர்க்கிறவன். புறாக்களைக் கூப்பிட அவன் விசில் அடிப்பதற்குக்கூட வக்தி தடை போட்டார்.

தவ்லத் அந்த அறையைப் பார்த்து அழுதாள். சந்தோஷத்தில்தான். அன்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டவள், மறுநாள் உள்ளே போய் உட்கார்ந்தாள். ஒரு வரிகூட வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தங்க முனைப் பேனாவால் பூனைப் படம் போட்டாள். பெரிய பூனை, குட்டிப் பூனை, தொப்பி வைத்த பூனை. வக்தி ஒன்றும் கேட்கமாட்டார். அவள் இறங்கி வரும்போது வாசலில் நின்று ஆசையாகப் பார்ப்பார், அவ்வளவுதான். "நல்லாப் போகுது" என்று சொல்லிவிட்டு இவள் சமையலறைக்குள் நுழைந்துவிடுவாள்.

ரமலான் நெருங்கிக்கொண்டிருந்தது. வானொலி நிலையத்திலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

ஒரு நாள் முடியைச் சரிசெய்ய என்னிடம் வந்தாள். சுருள் மாட்டி, காயவைக்கும் தொப்பியின் கீழ் உட்காரவைத்தேன். பக்கத்துத் தொப்பியின் கீழே, மகனுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணியிருந்த உம்மு ஹானி. அந்தத் தொப்பிக்குள் தலை இருக்கும்போது யாருக்கும் எதுவும் காதில் விழாது என்பதால், எல்லாரும் கத்தித்தான் பேசுவார்கள். உம்மு ஹானி சாதாரணமாகவே கத்துகிறவள்.

"சம்பந்தியாம் சம்பந்தி! ஃப்ரிட்ஜ் நாங்க வாங்கணுமாம். சரின்னேன். அது பன்னெண்டு கன அடியா பதினாறு கன அடியான்னு கேக்குறா! ஏம்மா, உம் பொண்ணு அதுக்குள்ளயா குடித்தனம் பண்ணப்போறா?"

தவ்லத் விறைத்து உட்கார்ந்தாள். "சஃபினாஸ், பென்சில் குடு!"

"பென்சிலுக்கு எங்க போவேன் அக்கா?"

"எதையாவது குடுடீ, போயிடப் போகுது!"

கைக்கு எட்டியது பழுப்பு நிறப் புருவப் பென்சில். கொடுத்தேன். முடிச்சாயப் பெட்டியைக் கிழித்து அதன் வெள்ளைப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். பெட்டி தீர்ந்து இன்னொரு பெட்டி கேட்டாள். முடி காய்ந்து, சுருள் எடுக்கிற நேரம் தாண்டியும் அவள் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. "என்ன வழுவழுன்னு போகுது பாரு இது! அழுத்தவே வேண்டாம்" என்றாள் பென்சிலைப் பார்த்து.

மறுநாளிலிருந்து தினமும் வந்தாள். கட்டடத்தின் பின்னால், மொட்டைமாடியிலிருந்து சந்து வரைக்கும் ஓர் இரும்புச் சுருள் படிக்கட்டு உண்டு. அது முடிகிற இடம் என் பின்வாசல். தவ்லத் காலையில் தேநீர்க் கோப்பையோடு முன்படியில் கம்பீரமாக ஏறுவாள், பின்படியில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவாள். சும்மா இடத்தை அடைக்கக்கூடாது என்று தினமும் முடியைச் சுருட்டிக்கொள்வாள். வேண்டாமென்றாலும் கேட்கமாட்டாள்.

வக்திக்கு ஒரே பூரிப்பு. காலையில் துடைப்பம் மாதிரி தலையோடு மேலே போகிற மனைவி, மத்தியானம் கல்யாணப் பெண் மாதிரி இறங்கி வருகிறாள்.

"பாத்தியா, அந்த ரூம் உனக்கு ஒத்துக்கிச்சு! ஆளே பளபளன்னு ஆயிட்ட!"

இதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவளும் சிரித்தாள். பிறகு, "பாவம்டீ அவன்" என்றாள்.

எங்கள் பார்லரில் அந்த நாட்களில் யாரும் வார இதழ் புரட்டவில்லை. அவள் எழுதியதை வாங்கி வாங்கி நடித்தார்கள். உம்மு ஹானிதான் சம்பந்தி. நகப்பூச்சுக்கு வந்த மருந்துக்கடைப் பெண் மருமகள். "இப்படியா பேசுவா ஒருத்தி?" என்று தகராறு பண்ணி வசனத்தையே மாற்றவைத்தார்கள். உதட்டுப் பென்சிலால் தவ்லத் சிவப்பில் திருத்துவாள்.

ஒரு நாள் வக்தி சுட்ட மக்காச்சோளம் வாங்கி வந்திருக்கிறார். ஆறுவதற்குள் கொடுக்கலாம் என்று, தன் சட்டத்தைத் தானே மீறி, மேலே போய்க் கதவைத் திறந்திருக்கிறார். நாற்காலி காலி. பேனா மூடியில்லாமல் காய்ந்து கிடக்கிறது. மேசை நிறையப் பூனைகள். மனிதர் பயந்து கைப்பிடிச் சுவரோரம் ஓடி எட்டிப் பார்த்திருக்கிறார். கீழே யாரும் விழுந்து கிடக்கவில்லை. அப்போதுதான் இரும்புப் படிக்கட்டு கண்ணில் பட்டிருக்கிறது.

என் பின்வாசல் திரைக்கு வெளியே "தவ்லத்!" என்று குரல் கேட்டதும் உள்ளே ஒரே கூச்சல். ஆளுக்கொரு துண்டை இழுத்துத் தலையை மூடினார்கள்.

"உள்ள வராதீங்க உஸ்தாத் வக்தி!" என்று நான் ஓடினேன்.

"வரலம்மா, வரல. எம் பொண்டாட்டி உள்ள இருக்காளா? உயிரோட இருக்காளா?"

தவ்லத் தலை நிறையச் சுருளோடு, கையில் பென்சிலும் எழுதிய அட்டைகளுமாக வெளியே போனாள். திரை மெல்லியது. எங்களுக்கு எல்லாமே கேட்டது.

"எத்தன நாளா?" என்றார் வக்தி.

"ரொம்ப நாளா."

"அந்த ரூம்ல என்ன குறை? சொல்லு. சரி பண்ணித் தரேன். விளக்கு மாத்தணுமா?"

"ஒரு குறையும் இல்ல வக்தி. அங்க உக்காந்தா என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது. நான் எழுதுறவங்க ஒருத்தரும் அங்க வர மாட்டேங்குறாங்க. வந்தா செருப்பக் கழட்டச் சொல்லுவியோன்னு பயப்படுறாங்க போல."

சோளத்தின் வாசனை மட்டும் உள்ளே வந்தது. எங்களுக்கெல்லாம் மனசு கஷ்டமாகிவிட்டது.

உம்மு ஹானிதான் பொறுக்கமாட்டாமல் கத்தினாள்: "உஸ்தாத்! சண்டைய அப்புறம் வச்சுக்கோங்க. புறா சீன் பாதியில நிக்குது!"

"என்ன புறா சீன்?"

தவ்லத்துக்கு முகம் வெளுத்திருக்க வேண்டும். நாடகத்தில் அவள் அவரையும் சேர்த்திருந்தாள். மனைவி தூங்குவதற்காக ஊரையே அமைதியாக்கப் புறப்படும் ஒரு கணவன். வேறு வழியில்லாமல் படித்தாள். அவன் தக்காளி வண்டிக்காரனிடம் போகிறான், பள்ளிவாசல் பக்கத்துக் கொல்லனிடம் போகிறான், கடைசியில் மொட்டைமாடி ஏறிப் புறாக்களைப் பார்த்து, "வாய மூடுங்க!" என்று அதட்டுகிறான்.

படித்து முடித்தாள்.

"நான் அப்படிச் சொல்லல" என்றார் வக்தி மெதுவாக. "'தயவு செஞ்சு'ன்னுதான் சொன்னேன்."

"புறாகிட்டயா?"

"புறாகிட்டதான்."

"இரு, எழுதிக்கிறேன்" என்றாள் தவ்லத்.

முதலில் சிரித்தது அவர்தான். இரும்புப் படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்புறம் நாங்கள் யாரும் சிரிப்பை அடக்கவில்லை. சோளத்தை ஒடித்துத் திரைக்குக் கீழாக ஆளுக்கொரு துண்டு நீட்டினார்.

பிறகு ஒரு நாள் தவ்லத்திடம் அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஐந்து அண்ணன் தம்பிகளோடு ஒரே கட்டிலில் குறுக்காகப் படுத்து வளர்ந்தவர் அவர். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டுமென்று சிறுவயதிலிருந்தே ஏங்கியது அவர்தான். "அப்ப நீயே வச்சுக்கயேன், அட கிறுக்கா!" என்றாளாம் இவள். வைத்துக்கொண்டார். இப்போது அங்கே 'ஊத்' என்கிற நரம்புக்கருவி வாசிக்கப் பழகுகிறார். இன்னும் ஒரு பாட்டுகூடப் பிடிபடவில்லை. அந்தக் கார்க் பலகைக்காக ஷுப்ராவே அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

ரமலானில் நாடகம் ஒலிபரப்பானபோது தெருவே சிரித்தது. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துப் புரையேறியவர்களும் உண்டு. உம்மு ஹானியின் சம்பந்தி தினமும் தவறாமல் கேட்டாள். "அந்த நாடகத்துல வர்ற பொம்பள என்ன இப்படி ஒரு பேராசைக்காரி!" என்று அவளே போன் பண்ணிச் சொன்னாளாம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஃப்ரிட்ஜ் பதினாறு கன அடி.

பெருநாள் முடிந்து ஒரு பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வந்தார்கள். எழுத்தாளர் எழுதும் இடம் வேண்டுமாம். தவ்லத் நேராக என் பார்லருக்கு அழைத்து வந்துவிட்டாள். போட்டோ என்றதும் உள்ளே இருந்தவர்கள் யாரும் ஈரத்தலையோடு நிற்கச் சம்மதிக்கவில்லை. எல்லாருக்கும் நான் முடி அலங்காரம் செய்து முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. போட்டோக்காரர் மூன்று கோப்பை தேநீர் குடித்தார்.

அந்தப் படம் என் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் உம்மு ஹானி, சுற்றிலும் பெண்கள், எல்லாரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். தவ்லத்தைக் கொஞ்சம் தேடத்தான் வேண்டும். கடைசி நாற்காலியில், கால்மேல் கால் போட்டு, குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.