சேலையூரில் வெட்டு, மேடவாக்கத்தில் தட்டு

சேலையூரில் வேதசிரோமணி தோல் வெட்டும்போதெல்லாம், ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி மேடவாக்கத்தில் அவருடைய மகள் ஜோசலினின் வீட்டுக் கதவை யாரோ தட்டும் சத்தம் கேட்டது. 2017 ஜூலையில் தொடங்கியது, இன்றுவரை நிற்கவில்லை. திறந்து பார்த்தால் வாசலில் ஆள் இருக்காது. முதல் வருடம் அந்த அடுக்குமாடிக்காரர்கள் வாட்ச்மேனைச் சந்தேகித்தார்கள், இரண்டாம் வருடம் தண்ணீர்க் குழாயை. அதற்குப் பிறகு சலித்துவிட்டது. எதிர் வீட்டு ஹேமாவதி காலை பத்து மணிக்கு வரும் முதல் தட்டலுக்கு அரிசி ஊறப்போடப் பழகிக்கொண்டார்.

வேதசிரோமணிக்கு நெடுநாள் இது எதுவும் தெரியாது. பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் இருபத்தெட்டு வருடம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். கம்பெனி மூடியதும், வீட்டிலேயே பையும் பெல்ட்டும் செய்து கொடுக்கலாம் என்று உட்கார்ந்தார். கத்தி இருந்தது, தோல் கிடைத்தது, அடியில் போட ஒரு பலகைதான் அமையவில்லை. சமையலறை கிரானைட்டில் கத்தி முனை ஒரே நாளில் மழுங்கியது. கண்ணாடியில் வழுக்கிக் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. வெள்ளை நைலான் பலகை கத்தியைக் கவ்விக்கொண்டு வளைவில் திரும்ப விடவில்லை. பச்சை ரப்பர் விரிப்பு மே மாத வெக்கையில் அப்பளமாகச் சுருண்டது. கறிக்கடைப் புளியங்கட்டை ஒன்று வாங்கினார். எவ்வளவு சுரண்டியும் கொழுப்பு போகாமல் தோலில் கறை ஏறியது. கடைசியில் மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைத்திருந்த வேப்பமரக் கதவை இரண்டு முக்காலிகள் மேல் கிடத்திப் பார்த்தார். கத்தி ஆழமும் போகவில்லை, வழுக்கவும் இல்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அலைந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அது ஜோசலின் அறைக் கதவு. 2012இல், கல்லூரியில் மூன்று பாடத்தில் அரியர் என்று தெரிந்த அன்று, உள்ளே போய்த் தாழ் போட்டவள் இரண்டு நாள் வெளியே வரவில்லை. என்ன செய்துகொள்வாளோ என்று அவர் பயந்தார். ஆனால் அந்தப் பயம் கோபமாகத்தான் வெளியே வந்தது. மூன்றாம் நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் கீல்களைக் கழற்றிக் கதவைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் மாட்டிவிடலாம் என்றுதான் இருந்தார். மாட்டவில்லை. மாட்டினால் தான் தோற்றதாக ஆகிவிடும் என்று நினைத்தார், அவ்வளவுதான். அம்மாவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டி எட்டு மாதம் இருந்துவிட்டு ஜோசலின் ஹாஸ்டலுக்குப் போனாள். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. கல்யாணத்தில் அவர் விருந்தாளி மாதிரி சாப்பிட்டுவிட்டு வந்தார். கூப்பிட்டால் போகலாம் என்று இவரும், வந்தால் பார்க்கலாம் என்று அவளும் இருந்ததில் வருடங்கள் ஓடின.

2021இல் மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போன மனைவி ரத்தினபாய்தான் கண்டுபிடித்தார். வேதசிரோமணிக்கு ஒரு பழக்கம். எந்தத் தோலானாலும் ஓரத்தில் இரண்டு சின்ன வெட்டு வெட்டிப் பார்ப்பார், பிறகுதான் நீளமாக இழுப்பார். மேடவாக்கக் கதவிலும் டொக் டொக், கொஞ்சம் பொறுத்து ஒரு நீண்ட உரசல். மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை சத்தம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை, அவர் கண் ஆபரேஷனுக்குப் படுத்திருந்த பத்து நாளும் இல்லை. இது உங்கப்பா கைதான் என்று ரத்தினபாய் சொன்னபோது ஜோசலின் குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வீட்ல எட்டு மாசம் என்னை யாரும் தட்டிக் கூப்பிடலம்மா. தட்டுறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

ரத்தினபாய் வீடு திரும்பி இதை ஒரு சொல் மாற்றாமல் கணவரிடம் ஒப்பித்தார். அவர் மறுநாள் கதவை மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு நைலான் பலகையில் வெட்டினார். நான்காம் நாள் ஜோசலின் போன் செய்து, அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, சத்தத்தையே காணோமே என்று அம்மாவிடம் கேட்டாள். அவரிடம் கொடு என்று சொல்லவில்லை. அவர் எழுந்து போய்க் கதவைத் தூக்கி வந்தார். அன்று வெட்டிய பெல்ட் கோணலாகப் போயிற்று. அதற்குப் பிறகு நான்கு வருடம் ஞாயிறு தவிர ஒரு நாளும் விடவில்லை. ஆர்டர் இல்லாத நாளில் கழிவுத் தோலை எடுத்து வைத்து வெட்டினார். ஜோசலினும் எழுந்து போய்த் திறந்து பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தாள்.

இந்த வருடம் பிப்ரவரியில் பேத்திக்கு ஒரு சின்ன நீலத் தோள்பை தைத்து எடுத்துக்கொண்டு கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஏறினார். இரண்டாம் மாடி. காலிங் பெல் இருந்தது. பெல் அடிக்க அவர் வரவில்லை, தட்ட வந்தார். கை தன் பழக்கத்துக்கு இரண்டு முறை தட்டி, கொஞ்சம் பொறுத்து, மரத்தின் மேல் நீளமாக இழுத்தது.

உள்ளே மிக்ஸி நின்றது. "அம்மா, யாரோ தட்றாங்க" என்றது குழந்தை.

"தாத்தாதான்மா. அங்க யாரும் இருக்க மாட்டாங்க, தொறக்க வேணாம்."

மிக்ஸி மறுபடி ஓடியது. நான்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பதின்மூன்று வருடம் சொல்லாமல் வைத்திருந்தது அந்த நிமிஷம் வாய்க்கு வரவில்லை. ஹேமாவதி எட்டிப் பார்த்து, பத்து மணிக்குத் தொடங்குகிறவர் இன்றைக்குப் பன்னிரண்டுக்குத்தான் தொடங்குகிறாரே என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேதசிரோமணி பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்கினார்.

மூன்று மணிக்குச் சேலையூரில் கத்தியை எடுத்தார். மேடவாக்கத்தில், நீலப் பை தொங்கிக்கொண்டிருந்த கதவில், வழக்கம்போல் டொக் டொக் கேட்டது. வழக்கம்போல் யாரும் திறக்கவில்லை.