எதிர்மலை

கடல் பார்க்கப் புறப்பட்ட பள்ளிக்கூட லாரி கித்துல்கலையில் நின்றதும் பிள்ளைகள் ஆற்றில் குதித்தார்கள். அம்மாக்கண்ணு மட்டும் பாறையில் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு புள்ள, தண்ணி கடிக்காது," என்றான் கூடப் படிக்கும் நல்லமுத்து.

"போதும், ஏறுங்க. நேரமாகுது."

"கடலு என்ன ஓடியா போயிரும்?"

அவள் மடியில் ஒரு சிவப்புத் தலைத்துண்டு இருந்தது. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது அம்மா கட்டிக்கொள்வது. தாத்தா சாகக் கிடக்கிறார் என்று தந்தி வந்து, அம்மா இந்தியாவுக்குப் போனாள். திரும்பி வர விசா கொடுக்கவில்லை. இரண்டு வருடம் ஆகிறது.

அட்டன் பள்ளியில் கணேசமூர்த்தி வாத்தியார் தேசப்படத்தைக் காட்டியபோது, இரண்டு தேசத்துக்கும் நடுவில் அவருடைய விரல் அகலத்துக்குத்தான் கடல் இருந்தது.

கொழும்புக்குப் பக்கத்தில் கல்கிசைக் கடற்கரையில் மதிய வெயில் மங்கியிருந்தது. தூரத்தில் தண்ணீர் வெள்ளை மூட்டத்தில் மறைந்து கிடந்தது. எல்லோரும் அலைக்கு ஓடினார்கள். அம்மாக்கண்ணு மணலில் நின்றாள்.

துணிக்கடைக்காரர் மகள் செரீபா பாவாடையைப் பிழிந்துகொண்டு வந்தாள்.

"காலையாச்சும் நனைடி."

"மூட்டம் போகட்டும்."

"போனா?"

"இந்தியா தெரியும்ல. அம்மா அங்கதான நிக்கும்."

அம்மா எதிர்மலையில் கொழுந்தெடுத்த நாட்களில், காலையில் லயத்து வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைதான். மூட்டம் விலகினால் மலை இருக்கும். மலையில் அம்மா இருப்பாள். இவள் கையாட்டினால் அங்கே சிவப்புத் துண்டு ஆடும்.

செரீபாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். வாத்தியாரைக் கூட்டி வந்தாள்.

"கெளம்பணும்மா. இருட்டுறதுக்குள்ள மலை ஏறணும்."

"கொஞ்ச நேரம் சார். மூட்டம் கலையுது, பாருங்க."

"தேசப்படத்துலதாம்மா அது கிட்ட..." என்று தொடங்கினார் வாத்தியார். அவள் கேட்கவில்லை. துண்டை உதறி நுனியைப் பிடித்துக்கொண்டாள். அவர் பிள்ளைகளை லாரியில் ஏற்றச் சொல்லிச் செரீபாவை அனுப்பிவிட்டு, அம்மாக்கண்ணுவின் பக்கத்தில் நின்றார்.

காற்று திரும்பியது. வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அம்மாக்கண்ணு துண்டை உயர்த்தி ஆட்டினாள்.

தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அது முடிந்த இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு மேல் வானம்.

"சார், இன்னும் மூட்டம் இருக்கா?"

"இல்லம்மா. போயிருச்சு."

லாரியிலிருந்து நல்லமுத்து கத்தினான். "யாருக்குடி கொடி காட்டுற?"

இரண்டு பேர் சிரித்தார்கள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் கையை இறக்கவில்லை.